மஞ்சள் காடிலாக்கும் ஒரு ரயில் பெட்டியும்



காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் முடிந்த அன்று ராத்திரி, மூளை சுத்தமாகக் காலியாகிக் கிடந்த நேரத்தில், யூடியூபில் பழைய கார்ட்டூன்களை நோண்டிக்கொண்டிருந்தேன். கையில் சிக்கியது பெட்டி பூப். 1932-ல் ஃப்ளைஷர் ஸ்டுடியோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சாப்பாட்டு மேஜையில் அப்பா அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு பெட்டி வீட்டை விட்டு ஓடிப்போகிறாள். இருட்டு. ஒரு குகை. குகைக்குள் ஒரு வால்ரஸ் ஆவி வந்து பாட்டுப் பாடி ஆடுகிறது.

அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கார்ட்டூன் ஆட்டம் மாதிரியே இல்லை. இடுப்பு ஒரு பக்கம் போகிறது, கால் இன்னொரு பக்கம் போகிறது, முன்னால் நடப்பது போல இருந்துகொண்டே பின்னால் வழுக்குகிறது. நிஜ மனிதன் ஒருத்தன் ஆடினால்தான் அப்படி வரும். தேடிப் பார்த்தால் விஷயம் அதேதான். ஒருவரை ஆட விட்டுப் படம் பிடித்து, அதன் மேல் ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு இழுத்து வரைந்திருக்கிறார்கள். மாக்ஸ் ஃப்ளைஷர் 1917-ல் காப்புரிமை வாங்கிய ரோட்டோஸ்கோப் என்கிற முறை. ஆடியவர் பெயர் கேப் காலோவே. ஜாஸ் பாடகர், பேண்ட் லீடர். படத்தின் ஆரம்பத்தில் தன் குழுவோடு நிஜ உருவத்திலேயே வந்து ஒரு ஆட்டம் போட்டுவிட்டுப் போகிறார். அவரைப் படம்பிடித்ததில் இன்று நமக்குக் கிடைக்கிற முதல் காட்சி அதுதான்.

சரி, இவரைப் பற்றி ஒரு கட்டுரை தேத்திவிடலாம் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மூன்றாவது நான்காவது பத்தியில் ஒரு வரி வந்துகொண்டே இருந்தது. 'அக்கா பிளாஞ்சும் பாடகிதான். தம்பியை மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர்.' அவ்வளவுதான், அடுத்த வரியில் தம்பி நியூயார்க் போய்விடுகிறார். அக்கா எங்கே போனார்? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வேறு திசைக்குத் திரும்பிவிட்டது.

(எனக்கும் ஒரு அக்கா உண்டு. நான் இப்போது படிக்கிற கணக்குப் பதிவியல் புத்தகங்களில் பாதி அவள் அடிக்கோடு போட்டு வைத்தவை. அதனால் இந்த மேட்டரில் எனக்கு நடுநிலை எல்லாம் கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.)

பிளாஞ்ச் காலோவே 1902-ல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் பிறந்தார். கேப் 1907 கிறிஸ்துமஸ் அன்று. அப்பா வக்கீல். அம்மா ஆசிரியை, சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். பிற்பாடு குடும்பம் பால்டிமோருக்கு வந்தது. கௌரவமான கறுப்பினக் குடும்பம் என்று சொல்வார்களே, அந்த ரகம். பிள்ளைகள் படித்து ஆசிரியராகவோ வக்கீலாகவோ ஆக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மேடையில் பாடுவதெல்லாம் அந்த அம்மாளுக்கு வேண்டாத வேலை.

முதலில் அந்தக் கோட்டைத் தாண்டியது பெண் பிள்ளை. காலேஜை நடுவில் விட்டுவிட்டு 1920-களின் தொடக்கத்தில் மேடை ஏறினார். 'பிளான்டேஷன் டேஸ்' என்கிற ஊர் ஊராகச் சுற்றும் இசை நாடகக் குழுவில் சேர்ந்தார். 1925-ல் இரண்டு ப்ளூஸ் பாட்டுகளை ரெக்கார்டு செய்தார். அந்த ரெக்கார்டில் பின்னால் ட்ரம்பெட் குடும்பத்து கார்னெட் வாசித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? லூயி ஆம்ஸ்ட்ராங்! அப்போது தம்பி பள்ளிப் பருவம் தாண்டாத பையன். பாஸ்கெட் பால் ஆட்டமும் சிறுசிறு பாட்டுக் கச்சேரியுமாக பால்டிமோரில் சுற்றிக்கொண்டிருந்தவர்.

1927-ல் தம்பி அக்காவைப் பிடித்துக்கொண்டார், நானும் வருகிறேன் என்று. அக்கா தன் குழுவிலேயே பாட இடம் வாங்கிக் கொடுத்தார். சுற்றுப்பயணம் சிகாகோவில் முடிந்தது. சட்டம் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்ததால் கிரேன் காலேஜில் பேருக்குச் சேர்ந்தார் கேப். பகலில் காலேஜ், ராத்திரி சன்செட் கஃபே. சன்செட் கஃபேயில் அப்போது லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்துக்கொண்டிருந்தார். வார்த்தைக்குப் பதில் வெறும் சத்தங்களை வைத்துப் பாடுகிற 'ஸ்காட்' பாணியை கேப் கற்றுக்கொண்டது அவரிடம்தான். படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது. நம்மில் பலருக்கு என்ன ஆகிறதோ அதுதான் ஆயிற்று :-)

1929-ல் 'அலபாமியன்ஸ்' என்ற குழுவோடு நியூயார்க் போனார். ஹார்லெமில் உள்ள சவாய் நடன அரங்கில் மிசூரியன்ஸ் என்ற குழுவோடு போட்டி. கேப்பின் குழு தோற்றது. ஆனால் ஆளை எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஆம்ஸ்ட்ராங் சிபாரிசில் ஒரு பிராட்வே நிகழ்ச்சியில் பாடினார். அப்புறம் 1930-ல் தன்னைத் தோற்கடித்த அதே மிசூரியன்ஸுக்கே தலைவர் ஆனார். கொஞ்ச நாளில் குழுவின் பெயரே 'கேப் காலோவே அண்ட் ஹிஸ் ஆர்கெஸ்ட்ரா' ஆகிவிட்டது.

அடுத்த படி காட்டன் கிளப். ஹார்லெமின் நடுவில் இருந்த இந்த கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலாளி ஓனி மேடன், மதுவிலக்குக் காலத்துத் தாதா. மேடையில் ஆடுபவர், பாடுபவர், வாசிப்பவர் எல்லாரும் கறுப்பினத்தவர். பார்க்க வருபவர்கள் வெள்ளையர்கள் மட்டும். ஊரே கறுப்பர்கள் வாழும் ஊர், ஆனால் அந்த ஊர்க்காரன் டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார முடியாது. 1927 முதல் டியூக் எல்லிங்டன் குழுதான் அங்கே. அவர் வெளியூர் போகும்போது இடத்தை நிரப்ப வந்த கேப், 1931-ல் அங்கேயே நிலையாக அமர்ந்துவிட்டார். கிளப்பிலிருந்து என்.பி.சி. வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. ஹார்லெமுக்கு வராதவன் வீட்டுக்கும் கேப்பின் குரல் போனது.

1931 மார்ச் 3-ல் 'மின்னி தி மூச்சர்' ரெக்கார்டு ஆனது. இந்தப் பாட்டைப் பற்றிய கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நேரடி ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டு வரி மறந்துபோய்விட்டது, வாய்க்கு வந்த சத்தங்களைப் பாடினார், குழுவினரும் கூட்டத்தினரும் அதைத் திருப்பிப் பாடினார்கள், பிடித்துக்கொண்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். 'ஹை-டி-ஹோ' என்பது அவருக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. பாட்டு எழுதியவர்கள் என்று மூன்று பேர் பெயர் இருக்கிறது: கேப், கிளாரன்ஸ் காஸ்கில், அப்புறம் இர்விங் மில்ஸ். மில்ஸ் யார் என்றால் கேப்பின் மேனேஜர், கூடவே பாட்டுப் பதிப்பாளர். எல்லிங்டனுக்கும் அவரேதான் மேனேஜர், எல்லிங்டனின் பாட்டுகளிலும் இவர் பெயர் நிறைய இருக்கும். ராயல்டி கணக்குப் போட்டுப் பழகிய நமக்கு இந்த வித்தை புரியாமல் இருக்காது. எழுதியவர் பங்கிலும் ஒரு கை, பதிப்பாளர் பங்கிலும் ஒரு கை.

மில்ஸைத் திட்டுவது சுலபம். நானும் முதலில் திட்டிக்கொண்டேதான் படித்தேன். ஆனால் அந்த ஆள் எடுத்துக்கொண்ட பங்குக்குப் பதிலாக என்ன கொடுத்தார் என்று பார்த்தபோதுதான் அக்காவின் கதை எனக்குச் சரியாகப் புரிந்தது.

அக்கா அதே 1931-ல் பிலடெல்பியாவில் பெர்ல் தியேட்டரில் பாடிக்கொண்டிருந்தார். பின்னால் வாசித்தது ஆண்டி கிர்க்கின் 'கிளவுட்ஸ் ஆஃப் ஜாய்' குழு. விக்டர் கம்பெனிக்காக அந்தக் குழுவோடு தன் பெயரில் ரெக்கார்டும் செய்தார். பியானோவில் மேரி லூ வில்லியம்ஸ், அதாவது பின்னாளில் ஜாஸ் உலகமே எழுந்து நின்று மரியாதை செய்த பெண்மணி. பிறகு சொந்தமாக ஆள் சேர்த்து 'பிளாஞ்ச் காலோவே அண்ட் ஹெர் ஜாய் பாய்ஸ்' என்று குழு கட்டினார். முழுக்க ஆண்கள் வாசிக்கும் ஜாஸ் குழுவுக்கு ஒரு பெண் தலைவர். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் பெண் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

சும்மா பாடகியை முன்னால் நிறுத்தி அழகு காட்டிய குழு என்று நினைத்துவிடாதீர்கள். டெனர் சாக்ஸஃபோனில் பென் வெப்ஸ்டர், டிரம்ஸில் கோஸி கோல். இரண்டு பேருமே அந்தக் கருவிகளின் சரித்திரத்தில் தவிர்க்க முடியாத பெயர்கள். சில வருடம் கழித்து இரண்டு பேரும் எந்தக் குழுவில் இருந்தார்கள் தெரியுமா? தம்பி குழுவில். பென் வெப்ஸ்டர் 1936-லும் கோஸி கோல் 1938-லும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அக்கா பொறுக்கி எடுத்த ஆட்களைத்தான் தம்பியும் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

'ஜஸ்ட் எ கிரேஸி சாங்' என்று பிளாஞ்ச் 1931-ல் பாடிய ரெக்கார்டு ஒன்று இருக்கிறது. தயவுசெய்து தேடிக் கேளுங்கள். அவர் சத்தமாக ஒரு சொற்றொடரை வீசுகிறார், குழு திருப்பி வீசுகிறது, அவர் இன்னும் கோணலாக வீசுகிறார், அவர்கள் அதையும் பிடிக்கிறார்கள். 'மின்னி' வந்த அதே வருடம், அதே விளையாட்டு! யார் யாரைப் பார்த்துச் செய்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். என் அபிப்பிராயம், ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே மேடையில் ஏறி இறங்கிய இரண்டு பேரிடம் அதைப் பிரித்துப் பார்க்கப் போவது வீண் வேலை. தம்பி தன் சுயசரிதையில் அக்காவைப் பற்றி நன்றியோடுதான் எழுதியிருக்கிறார். தான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அவரால்தான் என்று ஒளிக்காமல் சொல்கிறார். ஆக, துரோகம், பொறாமை என்கிற சினிமாக் கதை எதுவும் இங்கே இல்லை. இருந்திருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும்!

அப்புறம் ஏன் ஒருத்தர் கார்ட்டூன் வரைக்கும் போனார், இன்னொருத்தர் அடிக்குறிப்பு ஆனார்?

கணக்குப் பிள்ளை மூளையோடு ஒரு குழுவை யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு, பதினான்கு பேர் சம்பளம். உடை. பாட்டுக்கு இசைக்கோர்ப்பு எழுதுபவருக்குக் காசு. எல்லாவற்றுக்கும் மேல் பயணம். வரவு எப்போது? ஆடி முடித்த பிறகு, தியேட்டர்காரர் கொடுத்தால். அதாவது கையில் ரொக்கம் இல்லாவிட்டால் நல்ல குழுவும் இரண்டு வாரத்தில் படுத்துவிடும். தம்பிக்கு இந்த ஓட்டையை அடைக்க மூன்று பேர் இருந்தார்கள்: காட்டன் கிளப், வானொலி, மில்ஸின் ஆபீஸ். மில்ஸ் ஆபீஸ் தேதி வாங்கியது, ரெக்கார்டு கம்பெனியோடு பேசியது, சினிமாவில் நுழைத்தது. 'தி பிக் பிராட்காஸ்ட்' 1932-ல், 'இன்டர்நேஷனல் ஹவுஸ்' 1933-ல், ஐரோப்பாப் பயணம் 1934-ல். அக்காவுக்கு இது எதுவும் இல்லை. பெண் பாடகி என்றால் மேடை கொடுப்பார்கள். பன்னிரண்டு ஆண்களுக்குச் சம்பளம் கொடுக்கிற பெண் என்றால் தியேட்டர்காரர்களுக்கும் ஏஜென்டுகளுக்கும் அது ஒரு வேடிக்கைப் பொருள். ஒரு சீசன் வேடிக்கை பார்ப்பார்கள், பணம் போட மாட்டார்கள்.

அடுத்து தெற்கு. அமெரிக்கத் தென் மாநிலங்களில் அப்போது சட்டப்படியே நிறப் பிரிவினை. ஹோட்டலில் அறை கிடைக்காது, சாப்பாட்டுக் கடையில் உட்கார முடியாது, கழிவறை தனி. பல ஊர்களில் கறுப்பினத்தவருக்கு என்று கழிவறையே இருக்காது. ஆனால் பணம் அங்கேயும் இருந்தது, குழுக்கள் போய்த்தான் ஆக வேண்டும்.

கேப் காலோவே குழு எப்படிப் போனது என்றால், தனி ரயில் பெட்டியில்! வாடகைக்கு எடுத்த புல்மேன் பெட்டி. படுக்கை அதிலேயே. ஊருக்கு ஊர் ஸ்டேஷனில் பெட்டியைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிடுவார்கள், ஆட்டம் முடிந்ததும் திரும்பி வந்து அதிலேயே தூங்குவார்கள். கேப்பின் பச்சை நிற லிங்கன் காரும் சாமான் பெட்டியில் கூடவே வரும். குழுவில் பதினைந்து வருடம் டபுள் பாஸ் வாசித்த மில்ட் ஹின்டன் இதையெல்லாம் ஆசையாக நினைவுகூர்ந்திருக்கிறார். கேட்க ஆடம்பரமாக இருக்கும். யோசித்தால், பாதிக்கு மேல் அது பாதுகாப்புச் செலவு.

பிளாஞ்ச் காலோவே குழு காரிலும் பஸ்ஸிலும் போனது.

1936-ல் மிசிசிப்பி மாநிலம் யாஸூ சிட்டி. வழியில் ஒரு பெட்ரோல் பங்க். பிளாஞ்ச் அங்கிருந்த பெண்கள் கழிவறைக்குப் போனார். அது வெள்ளைக்காரப் பெண்களுக்கானது. இவ்வளவுதான் குற்றம். போலீஸ் வந்தது. குழுவில் ஒருவரைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். பிளாஞ்சையும் அவரையும் பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். அவர்கள் உள்ளே இருந்த நேரத்தில் குழுவில் இன்னொருவர் இருந்த பணத்தையெல்லாம் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார். வெளியே வந்து பார்த்தால் கல்லா காலி, நடுத்தெருவில் குழு. பிளாஞ்சுக்கு ஒரு மஞ்சள் காடிலாக் கார் இருந்தது. அதை விற்று ஆட்களை ஊர் போய்ச் சேர வைத்தார்.

முதல் வருடப் பாடத்தில் தனியாள் வணிகத்தின் குறைபாடுகள் என்று ஐந்து பாயின்ட் மனப்பாடம் செய்திருப்போம். அதில் 'வரம்பற்ற பொறுப்பு' என்று ஒன்று வரும், தொழில் கடனுக்கு முதலாளியின் சொந்தச் சொத்தும் போகும் என்று. நானும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மிசிசிப்பியில் ஒரு மஞ்சள் கார் கைமாறுகிற காட்சியாக அதை நினைத்துப் பார்த்ததில்லை.

1938-ல் திவால். குழு கலைந்தது. 1940-ல் பெண்களை மட்டும் வைத்து ஒரு குழு முயன்றார், அதுவும் நீடிக்கவில்லை. 1925 முதல் 1935 வரை அவர் பாடி வெளிவந்தவை ஒரே ஒரு சிடியில் அடங்கிவிடுகின்றன.

தம்பிக்கு அந்த வருடங்கள்தான் உச்சம். 1938-ல் ஜாஸ்காரர்கள் பேசும் கொச்சைச் சொற்களைத் தொகுத்து ஒரு குட்டி அகராதியே போட்டார். 1939-ல் டிஸ்ஸி கில்லெஸ்பி குழுவில் சேர்ந்தார். 1941-ல் யாரோ மேடையில் காகித உருண்டை எறிய, கேப் டிஸ்ஸி மேல் பழி போட, வாக்குவாதம் கத்திக்குத்து வரை போய் டிஸ்ஸி வெளியேறினார் (எறிந்தவர் வேறு ஆள், ஜோனா ஜோன்ஸ்!). 1943-ல் 'ஸ்டார்மி வெதர்' படம். அதில் கேப் பாட, நிக்கோலஸ் சகோதரர்கள் படிக்கட்டில் தாவித் தாவி ஆடுவதைப் பார்க்காதவர்கள் இன்றே பாருங்கள். நான் ஆறு தடவை பார்த்தேன்.

ரயில் பெட்டி எல்லா இடத்திலும் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1945 டிசம்பரில் கன்சாஸ் சிட்டியில், நண்பர் லயனல் ஹாம்ப்டன் வாசித்துக்கொண்டிருந்த நடன அரங்குக்கு அவரைப் பார்க்கப் போனார் கேப். வெள்ளையர் மட்டும் நுழையும் அரங்கு. வாசலில் ஒரு போலீஸ்காரர் அடித்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. மேலே வழக்கு வேறு, குடித்திருந்தார், எதிர்த்தார் என்று. விஷயம் தெரிந்ததும் ஹாம்ப்டன் மேற்கொண்டு வாசிக்க மறுத்துவிட்டார். நாடு முழுக்கக் குரல் தெரிந்த மனிதருக்கு அந்த வாசலில் கிடைத்த மரியாதை அது.

போர் முடிந்ததும் பெரிய குழுக்களின் காலமும் முடிந்தது. 1940-களின் கடைசியில் கேப்பும் பெரிய குழுவைக் கலைத்தார். சூதாட்டப் பழக்கம் வேறு காசைத் தின்றது. ஆனால் விழுந்த இடத்தில் மெத்தை இருந்தது. 1952-ல் 'போர்கி அண்ட் பெஸ்' இசை நாடகத்தில் ஸ்போர்ட்டின் லைஃப் பாத்திரம். 1967-ல் பிராட்வேயில் பேர்ல் பெய்லியோடு 'ஹலோ, டாலி!'. 1980-ல் 'தி ப்ளூஸ் பிரதர்ஸ்' படத்தில் வெள்ளை உடையில் வந்து மறுபடி 'மின்னி' பாடினார். தாத்தா வயதில் பேரன் வயதுப் பிள்ளைகளிடம் கைதட்டல். 1993-ல் அதிபர் கிளின்டன் கையால் தேசிய கலைப் பதக்கம். 1994 நவம்பர் 18-ல் 86 வயதில் காலமானார்.

அக்காவின் இரண்டாம் பாதி வேறு மாதிரி. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. வாஷிங்டனில் கிரிஸ்டல் கேவர்ன்ஸ் என்ற நைட் கிளப்பை நிர்வகித்தார். 1940-களின் கடைசியில் அங்கே ரூத் பிரவுன் என்ற இளம்பெண் பாடக் கேட்டு, தானே அவருக்கு மேனேஜர் ஆனார். நியூயார்க் போகிற வழியில் கார் விபத்து, ரூத் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில். படுக்கையிலிருந்தே அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அட்லாண்டிக் கம்பெனியை 'ரூத் கட்டிய வீடு' என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெண்ணின் பாட்டுகள் ஓடின. தனக்கு ஒரு மேனேஜர் அமையாத பெண், இன்னொரு பெண்ணுக்கு மேனேஜர் ஆகி நின்றார்.

பிறகு புளோரிடா. மயாமி பீச்சில் ஒரு வானொலியில் டிஸ்க் ஜாக்கி, நிகழ்ச்சிப் பொறுப்பாளர். சிவில் உரிமைச் சங்கங்களில் உறுப்பினர். 1968-ல் கறுப்பினப் பெண்களுக்கான அழகுப் பொருட்களைத் தபாலில் விற்கும் 'ஆஃப்ராம் ஹவுஸ்' கம்பெனியைத் தொடங்கினார். அறுபத்தாறு வயதில் புதுத் தொழில்! திவாலைப் பார்த்த மனுஷிக்குத் திரும்பவும் முதல் போட எவ்வளவு தைரியம் வேண்டும்! 1978 டிசம்பர் 16-ல் பால்டிமோரில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். 'ப்ளூஸ் பிரதர்ஸ்' வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

இந்தக் கட்டுரைக்காக அக்காவைக் கூப்பிட்டு, பெயர் சொல்லாமல் இரண்டு பாட்டையும் போட்டுக் காட்டினேன். முதலில் 'மின்னி', அடுத்து 'ஜஸ்ட் எ கிரேஸி சாங்'. இரண்டாவது பாட்டு பாதி ஓடும்போதே, "இந்தப் பொண்ணு இன்னும் என்னென்ன பாடியிருக்கா?" என்றாள். ஒரு சிடிதான் என்றேன். "அப்ப அதையே முதல்லேருந்து போடு" என்றாள்.

நீங்களும் அந்த வரிசையில் கேளுங்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் டிரம்ஸ் இன்னும் நன்றாக இருக்கும்.